ஆங்கில அணிகளை அறிதலும் நினைவிற் கொள்ளலும்

முன்னுரை

நெய்வேலி நகரியத்தை அடுத்துள்ள வடக்குத்தில் நாம் குடியிருக்கும் வீட்டுத் திண்ணைக்கு, மாலை வேளைகளில் மாணவர் சிலர் பாடம் கேட்க வருவதுண்டு. அவர்களுள் ஒருவர் தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியில் முதலாண்டு பயில்பவர். தந்தையார் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். அவரிடம் ஒரு நாள், "'வடக்குத்தே திரண்டு வந்தது' என்னும் தொடரில் வடக்குத்து என்பது என்ன?" என்று வினவினோம். நொடியும் தாழாது, "இடவாகுபெயர், ஐயா. ஊரின் பெயர் ஊரில் வாழும் மக்களுக்கு ஆகி வந்தது" என்றார். "நன்று. 'வெள்ளை மாளிகை அறிவித்தது' என்று பொருள்படும் தொடர் ஆங்கில வினாத்தாளில் வந்தால் அஃது எந்த அணி?" என்றோம். அவர் தலை கவிழ்ந்தது. சற்றுப் பொறுத்து, "அது ஆங்கிலம், ஐயா" என்றார்.

இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே. இடத்தின் பெயர் இடத்தில் உள்ளாரைக் குறித்தது. ஆங்கிலத்தார் அதனை 'மெட்டானிமி' என்பர். அம்மாணவரிடம் அறிவு இல்லாமல் இல்லை. அறிந்ததை அயல்மொழியில் அடையாளம் காணும் துணிவே இல்லை. தமிழ் வகுப்பில் அணியிலக்கணம் பயின்ற மாணவர் ஆங்கில வகுப்பில் அதனை முற்றிலும் புதிய பாடமாக எண்ணி அஞ்சுவதும், அஞ்சி மனப்பாடம் செய்வதும், மனப்பாடம் செய்ததைத் தேர்வறையில் மறப்பதும் நாம் ஆண்டுதோறும் காணும் காட்சிகள். தமிழ் அறிவைத் துணைக்கொண்டு ஆங்கில அணிகளை எங்ஙனம் புரிந்துகொள்ளலாம், எங்ஙனம் நினைவிற் கொள்ளலாம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வரையறையா, வினாவா?

ஆங்கில அணிகளைப் பயிலும் மாணவர் பெரும்பாலும் இருபது பெயர்களையும் இருபது வரையறைகளையும் வரிசையாக மனனம் செய்கின்றனர். பட்டியலில் முன்னும் பின்னும் உள்ளவை ஒன்றோடொன்று மயங்குகின்றன. பெயர் நினைவுக்கு வந்தால் வரையறை வருவதில்லை. வரையறை வந்தால் எடுத்துக்காட்டு வருவதில்லை.

இதற்கு மாறாக, ஒரு தொடரைக் கண்டவுடன், 'சொல்லப்பட்டதற்கும் கருதப்பட்டதற்கும் உள்ள உறவு யாது?' என்னும் ஒரே வினாவை எழுப்புதல் வேண்டும். உறவு ஒப்புமையாக இருக்கலாம், ஒன்றையொன்று சார்ந்த தொடர்பாக இருக்கலாம், முரணாக இருக்கலாம். அலெக்சாண்டர் பெயின் என்னும் அறிஞர் 1866இல் வெளியிட்ட ஆங்கிலக் கட்டுரை இலக்கண நூலில், அணிகள் பலவற்றை இம்மூன்று அடிப்படைகளில் வகுத்துக் காட்டினார். இவற்றோடு அளவு, ஒலி ஆகிய இரண்டையும் சேர்த்துக்கொண்டால், பள்ளியிலும் கல்லூரியிலும் கற்பிக்கப்படும் அணிகளுள் பெரும்பாலானவை ஐந்து அறைகளுக்குள் அடங்கிவிடும். இருபதை நினைவில் வைப்பதினும் ஐந்தை நினைவில் வைத்தல் எளிதன்றோ?

இப்பகுப்பு ஆங்கிலத்தார்க்கு மட்டும் உரியதன்று. அரபு மொழியின் அணியியலாகிய 'பலாகா'வைப் பயின்ற மாணவர் இதனை எளிதில் உணர்வர். 11ஆம் நூற்றாண்டினரான அப்துல் காஹிர் அல்-ஜுர்ஜானி போன்ற பேரறிஞர்கள் ஆராய்ந்த அக்கலையில், ஒப்புமையை வெளிப்படக் கூறுவது 'தஷ்பீஹ்'. ஒப்புமை பற்றி ஒரு சொல்லை இரவலாகப் பெறுவது 'இஸ்திஆரா'. ஒப்புமையல்லாத பிற தொடர்பு பற்றிப் பெயர் மாறுவது 'மஜாஸ் முர்ஸல்'. நம் உவமை, உருவகம், ஆகுபெயர் ஆகிய மூன்றும் முறையே இவற்றின் பக்கத்தில் வந்து நிற்பதைக் காணலாம். மொழிகள் வேறாயினும் மனித மனம் சொல்லை ஆளும் வழிகள் பெரிதும் வேறல்ல என்பது இதனாற் பெறப்படும்.

ஒப்புமை அணிகள்

'சிமிலி' என்பது உவமை. 'மெட்டஃபர்' என்பது உருவகம். தொல்காப்பியர் உவமைக்கெனத் தனி இயலே வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினை உவமம் தோன்றும் வகைகளாகக் கூறினார். இந்நான்கும் ஆங்கிலத்திற்கும் பொருந்தும். அரிமாபோல் துணிந்தவன் என்பது வினை. மழைபோல் வழங்குபவன் என்பது பயன். பந்துபோல் உருண்டது என்பது மெய். பால்போல் வெண்மையானது என்பது உரு. ஆங்கில உவமை ஒன்றைக் கண்டால் இந்நான்கில் எது பற்றி வந்தது என்று கேட்டுப் பார்த்தல் வேண்டும். விடை கண்ட மாணவர் அணியின் பெயரை மட்டுமன்றி அதன் நயத்தையும் எழுத வல்லவராவர்.

ஈண்டு மாணவர் இடறும் இடங்கள் இரண்டு. 'லைக்', 'ஆஸ்' என்னும் சொற்கள் வந்தால் உவமை என்று ஆங்கில வகுப்பில் கற்கின்றோம். ஆயின், "நெய்வேலிச் சாலை கடலூர்ச் சாலை போல் அகலமானது" என்பது உவமை அணியன்று. ஒரே இனத்துப் பொருள்கள் இரண்டனை அளந்து கூறியது அது. வேற்றினப் பொருள்களுக்கிடையே ஒப்புமை கண்டாலன்றி அணி பிறவாது. மற்றொன்று, தமிழில் உருபு தொக்கு நின்றாலும் உவமை உவமையாகவே இருத்தல் கூடும். 'பவளவாய்' என்பது உவமைத்தொகை; 'வாய்ப்பவளம்' என்பது உருவகம். சொற்களின் இடமாற்றமே நமக்கு வேறுபாட்டைக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் உவம உருபு இன்றி வருவது பெரும்பாலும் உருவகமாகவே கொள்ளப்படும். இவ்விதியை அங்கும் அவ்விதியை இங்கும் கலத்தல் கூடாது.

உருவகம் புலவர்க்கே உரியது என்று எண்ணுவாரும் உளர். ஜார்ஜ் லேகாஃப், மார்க் ஜான்சன் என்னும் இருவர் 1980இல் வெளியிட்ட நூல், அன்றாடப் பேச்சே உருவகங்களால் ஆனது என்பதை விரிவாக நிறுவியது. இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்கூறிய மாணவரிடம், "தந்தையார் வேலை பற்றிப் பேசும்போது வழங்கும் ஆங்கிலச் சொற்கள் யாவை?" என்றோம். "பெஞ்ச், பக்கெட் வீல், பெல்ட்" என்று அடுக்கினார். அவற்றோடு சுரங்கவியல் நூல்கள் வழங்கும் சொற்கள் சிலவற்றையும் சேர்த்துப் பார்த்தோம். நிலக்கரி அடுக்கினை 'சீம்' என்பர். அது துணியின் தையல் வரி. படிவினை 'பெட்' என்பர், அது படுக்கை. நம் 'படுகை'யும் படுத்தலினின்று பிறந்ததே. படிபடியாக வெட்டிய தளம் 'பெஞ்ச்'. அஃது இருக்கைப் பலகை. வெட்டு நடைபெறும் பக்கம் 'ஃபேஸ்'; அது முகம். சுரங்கத்தின் வாயிலை ஒட்டி அமைந்த மின்நிலையத்தைப் 'பிட்ஹெட்' நிலையம் என்பர், அது தலை. கரிக்கு மேலுள்ள மண்ணை 'ஓவர்பர்டன்' என்பர், அது சுமை. 1956இல் நிறுவனம் தோன்றிய காலந்தொட்டு இப்பகுதி மக்களின் செவியில் விழுந்து வரும் சொற்களுள் இத்தனை உருவகங்கள் புதைந்து கிடக்கின்றன. பழுப்பு நிலக்கரியைப் 'பழுப்புத் தங்கம்' எனச் செய்தித்தாள்கள் எழுதுவதும் உருவகமே. இவற்றைக் கேட்ட மாணவர், "எங்கள் அத்தாவுக்கு இவ்வளவு அணி தெரியுமா?" என்று வியந்தார்.

பழகிப் போனமையால் உருவகம் என்றே உணரப்படாதவற்றை ஆங்கிலத்தார் 'டெட் மெட்டஃபர்' என்பர். இறந்துபட்ட உருவகம் என்பது பொருள். இரு மொழிகளையும் ஒப்பிட்டால் இவை உயிர்பெற்று எழும். மேசைக்குக் கால் இரு மொழியிலும் உண்டு. மலைக்கு அடியும் இரு மொழியிலும் உண்டு. கடிகாரத்திற்கு நாம் முள் என்போம். அவர்கள் கை என்பர். ஊசியின் துளையை நாம் காது என்போம். அவர்கள் கண் என்பர். துளை ஒன்றே, காணும் மனம் வேறு. இத்தகைய இணைகளைத் திரட்டுதல் மாணவர்க்கு நல்ல பயிற்சியாகும்.

'பெர்சானிஃபிகேஷன்' என்பது அஃறிணைப் பொருளுக்கு மாந்தர் தன்மை ஏற்றுவது. கேட்பன போலவும் பேசுவன போலவும் இயங்குவன போலவும் அஃறிணைப் பொருள்களைக் கூறும் வழக்கை நன்னூல் ஏற்றுக்கொண்டுள்ளது. அப்பொருளை முன்னிலைப்படுத்தி விளித்தால் 'அபாஸ்ட்ரஃபி' ஆகும். "காற்று அழுதது" என்பது முன்னது. "காற்றே, அழாதே" என்பது பின்னது. தண்டியலங்காரம் கூறும் தற்குறிப்பேற்ற அணிக்கு நேரான ஒரே பெயர் ஆங்கிலத்தில் இல்லை. 'சுரங்கத்தில் புழுதி எழுவது, வயிறு கீறப்பட்ட நிலமகள் நாணி முகத்திரை இடுவதால்' என்று இயல்பான நிகழ்ச்சிக்குக் காரணம் கற்பிப்பது அவ்வணி. ஜான் ரஸ்கின் 1856இல் 'பதெடிக் ஃபாலஸி' என்று பெயரிட்டது இதற்கு அண்மையது. ஆயினும் அவர் அதனைப் பெரிதும் குறையாகவே கண்டார். நாமோ அணியாகப் போற்றுகின்றோம்.

தொடர்பு அணிகள்

மாணவரைப் பெரிதும் அச்சுறுத்துவன 'மெட்டானிமி', 'சினெக்டகி' என்னும் இரண்டே. ஆகுபெயரை அறிந்தார்க்கு இவை புதியன அல்ல. வள்ளுவரைப் படித்தேன் என்பது கருத்தாவாகுபெயர். ஷேக்ஸ்பியரைப் படித்தேன் என ஆங்கிலத்தார் கூறுவதும் அதுவே. மணிமுடி என்னும் பொருள் தரும் 'கிரௌன்' என்ற சொல்லால் அரசினைக் குறிப்பது மெட்டானிமி. தலைக்கு ஒரு பழம் கொடு என்பது சினையாகுபெயர்; தொழிலாளரைக் கைகள் என்னும் பொருள்பட 'ஹாண்ட்ஸ்' என்பது ஆங்கிலச் சினெக்டகி. உறுப்பு முதலுக்கும், முதல் உறுப்புக்கும் ஆகி வருவது சினெக்டகி. பிற தொடர்புகள் பற்றி வருவது மெட்டானிமி. நாம் ஒரே குடைக்கீழ் வைத்ததை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர் என்று கொண்டால் போதுமானது.

"அடுப்பிலிருந்து பாலை இறக்கு" என்பது தானியாகுபெயர். கொள்கலத்தில் உள்ள பொருளின் பெயர் கொள்கலத்திற்கு ஆயிற்று. ஆங்கிலத்தில் "கெட்டில் கொதிக்கிறது" என்பர். கலத்தின் பெயர் உள்ளிருக்கும் நீருக்கு ஆயிற்று. திசை மாறினும் தொடர்பு ஒன்றே.

இவ்விடத்தில் எம் பிழையொன்றனை ஒப்புக்கொள்ளுதல் முறை. ஆகுபெயர் வகைகள் அனைத்தையும் பலகையில் எழுதி, எதிரே மெட்டானிமி, சினெக்டகி என்று குறித்து முடித்தோம். மறுநாள் அம்மாணவர் வந்து, "ஐயா, 'பாவை வந்தாள்' என்பது உவமையாகுபெயர். பாவைக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு ஒப்புமைதானே? அதனை மெட்டஃபர் பக்கத்தில் அன்றோ எழுத வேண்டும்?" என்றார். அவர் கூறியதே சரி. உறவு யாது என்னும் வினாவை அவர் எம்மினும் உண்மையாகக் கேட்டிருந்தார். யாம் பெயரொற்றுமையைக் கண்டு மயங்கினோம். தமிழ்ப் பெயருக்கு ஆங்கிலப் பெயர் என்று அட்டவணை எழுதி மனனம் செய்வதும் பழைய மனப்பாடத்தின் வேறு வடிவமே என்பதை அன்று உணர்ந்தோம்.

முரணும் அளவும்

இரு முரண்சொற்கள் ஒன்றாக ஒட்டி நிற்பது 'ஆக்சிமோரான்'. ஊரறிந்த இரகசியம் என்று நாம் கூறுவதனையே அவர்கள் 'ஓபன் சீக்ரெட்' என்பர். ஒரு கூற்று முழுவதும் முரண்போல் தோன்றி உண்மை உணர்த்துவது 'பாரடாக்ஸ்'. எதிரெதிர்க் கருத்துகள் இணையாக நிறுத்தப்படுவது 'ஆன்டிதெசிஸ்'. கூறியதற்கு மறுதலையைக் கருதுவது 'ஐரனி'. நம் வஞ்சப்புகழ்ச்சி இதன் ஒரு பகுதி.

அளவை மிகுத்தல் 'ஹைபர்பொலி'. உயர்வு நவிற்சி என்பது தமிழ் வழக்கு. அளவைக் குறைத்து, எதிர்மறையால் உடன்பாட்டைப் புலப்படுத்துவது 'லைட்டோட்டீஸ்'. "அவர் படிப்பில் குறைந்தவர் அல்லர்" என்றால் வல்லவர் என்பது பொருள். கடுமையானதை மென்மையாகக் கூறுவது 'யூஃபமிசம்'. நன்னூலார் தகுதி வழக்கில் வைத்த மங்கலமும் இடக்கரடக்கலும் இதன்பாற்படும். இறந்தார் என்னாது இயற்கை எய்தினார் என்பதும், நம் இல்லங்களில் வஃபாத்தானார் என்பதும் இவ்வுணர்வின் வெளிப்பாடுகளே.

ஒலி அணிகள்

'அல்லிட்டரேஷன்' என்பதை மோனை என மொழிபெயர்ப்பது வழக்கம். இஃது ஓரளவே பொருந்தும். ஆங்கிலத்தில் சொற்களின் முதல் மெய்யொலி ஒன்றி வருவதே சிறப்பாகக் கருதப்படும். அங்குக் கண்ணால் எழுத்தை நோக்காது காதால் ஒலியை நோக்குதல் வேண்டும். எழுத்து ஒன்றாயினும் ஒலி வேறாதல் ஆங்கிலத்தில் இயல்பு. தமிழ் மோனையில் இன எழுத்துகளும் இடம்பெறும். இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகைக்கு ஆங்கிலத்தில் நேரானது இல்லை. அடியிறுதி ஒன்றும் 'ரைம்' நம் இயைபுத் தொடையோடு ஒப்பது. 'ஒனொமட்டோபியா' என்பது ஒலிக்குறிப்புச் சொல். சலசல, கலகல என்பன அவ்வகையின; பளபள என்பது இரட்டைக்கிளவியாயினும் ஒலியைக் குறியாது ஒளியைக் குறித்தலின் இதில் அடங்காது. 'பன்' என்பது நம் சிலேடை. காளமேகப் புலவரைப் படித்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

பெயரே நினைவுக் குறிப்பு

இனி, இவ்வணிகளின் பெயர்களே மாணவரை மருட்டுகின்றன. அவை ஆங்கிலத்தார்க்கும் ஒரு காலத்தில் அயற்சொற்களாகவே இருந்தன என்பதை அறிந்தால் அச்சம் நீங்கும். அவற்றுட் பல கிரேக்கத்தினின்று வந்தவை. ஜார்ஜ் புட்டன்ஹாம் இயற்றியதாகக் கொள்ளப்படும் 'த ஆர்ட் ஆஃப் இங்கிலிஷ் பொயசி' என்னும் நூல் 1589இல் வெளிவந்தது. அதன் ஆசிரியர் கிரேக்கப் பெயர்கள் தம் நாட்டார்க்கு விளங்கா என்று கருதி, அணிகளுக்கு ஆங்கிலத்திலேயே புதுப்பெயர்கள் படைத்தார். ஹைபர்பொலிக்கு 'உரத்த பொய்யன்' என்று பொருள்படவும், ஐரனிக்கு 'உலர்ந்த ஏளனம்' என்று பொருள்படவும் பெயரிட்டார். இன்று நாம் படும் இடர்ப்பாட்டை அன்று அவர்களும் பட்டனர்!

வேர்ப்பொருளை அறிந்தால் ஒவ்வொரு பெயரும் தன் இலக்கணத்தைத் தானே உரைக்கும். மெட்டஃபர் என்பதன் வேர்ப்பொருள் 'எடுத்துச் செல்லுதல்'. கிரேக்க நாட்டில் சரக்கேற்றிச் செல்லும் ஊர்திகளின்மீது இன்றும் இதன் இனச்சொல்லைக் காணலாம். சுரங்கத்தில் கரியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு சேர்க்கும் பெல்ட் போல, உருவகம் பொருளைக் கொண்டு சேர்க்கிறது எனலாம். மெட்டானிமி என்பதற்குப் 'பெயர் மாற்றம்' என்பது பொருள். ஆகுபெயர் என்னும் நம் சொல்லோடு இஃது ஒத்திருத்தல் கண்டு மகிழத்தக்கது. ஹைபர்பொலி, 'அப்பால் எறிதல்'. அபாஸ்ட்ரஃபி, 'திரும்பிப் பேசுதல்'. யூஃபமிசம், 'நற்சொல் கூறல்', இது மங்கலமேயன்றோ? கிளைமாக்ஸ், 'ஏணி', கருத்துகள் படிப்படியாக ஏறுதலின் இப்பெயர் பெற்றது. ஆக்சிமோரான், 'கூர்மையும் மழுங்கலும்'. பெயரே அவ்வணிக்கு எடுத்துக்காட்டாக நிற்கிறது.

நினைவிற் கொள்ளும் முறை

புரிந்துகொண்டதும் காலப்போக்கில் மறக்கும். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்னும் செருமானிய அறிஞர் 1885இல் வெளியிட்ட ஆய்வில், கற்றது முதற் சில மணி நேரங்களிலும் நாள்களிலும் விரைந்து மறப்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பக் கற்றால் மறதி குறைவதையும் காட்டினார். ஆகவே தேர்வுக்கு முந்திய இரவில் பத்து முறை படிப்பதினும், இன்று, மூன்றாம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என ஒவ்வொரு முறை நினைவுகூர்தல் பயன் தரும். நூலை மூடி வைத்து, விடையை மனத்தினின்று வரவழைத்தல் வேண்டும். பின்னரே திறந்து சரிபார்த்தல் வேண்டும்.

கையேடு ஒன்றில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. முதலில் அணியின் பெயரும் வேர்ப்பொருளும்; அடுத்து, உறவு யாது என்னும் வினாவுக்கு விடை; அடுத்து, தம் ஊரையும் வீட்டையும் பற்றித் தாமே ஆக்கிய ஓர் எடுத்துக்காட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும்; இறுதியில், தமிழ் அணியோடு ஒத்தும் உறழ்ந்தும் வரும் இடம். பிறர் எழுதிய எடுத்துக்காட்டு மறந்துபோகும். தந்தையின் தொழிலையும் தாயின் அடுக்களையையும் கொண்டு தாமே எழுதியது எளிதில் மறவாது.

இவற்றினும் சிறந்த முறையொன்றனை நன்னூலார் உரைத்தார். ஆசிரியர் சொல்வதைச் செவ்வனே கேட்பதால் கிடைப்பது காற்பங்கு. உடன் பயில்வாரோடு கலந்து பழகுவதால் மற்றொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு பிறர்க்கு எடுத்துரைப்பதால் நிரம்பும் என்பது அவர் கருத்து. கற்பிப்பவரே முழுமையாகக் கற்கிறார் என்னும் இவ்வுண்மையை நம் மாணவர் மேற்கொள்வாராக.

முடிவுரை

அயல்மொழி அணியியலைத் தம் மொழியறிவால் உணர்தல் தமிழர்க்குப் புதிதன்று. வடமொழித் தண்டியின் காவியாதரிசத்தைத் தழுவி எழுந்த தண்டியலங்காரம், பொருளணிகள் முப்பத்தைந்தனைத் தமிழ்ப்படுத்தித் தந்தது. இத்தாலியினின்று வந்த வீரமாமுனிவர், தமிழ் மரபைக் கற்றுத் தொன்னூல் விளக்கத்தில் அணியையும் சேர்த்து ஐந்திலக்கணம் வகுத்தார். அன்று அங்கிருந்து இங்கும், இங்கிருந்து அங்கும் சென்றவர்கள் தம்மிடம் உள்ளதை மறைத்து வைத்துவிட்டுச் செல்லவில்லை. கையோடு கொண்டே சென்றனர்.

"அது ஆங்கிலம்" என்று தலைகவிழ்ந்த மாணவர், இப்போது பத்தாம் வகுப்புப் பயிலும் தம் தங்கைக்கும் தெருவிலுள்ள சிறார் இருவர்க்கும் அணிகளைச் சொல்லிக் கொடுத்து வருகிறார். ஆங்கிலத்தில் அவர் இன்னும் தடுமாறுகிறார், எழுத்துப்பிழைகளும் குறைந்தபாடில்லை. ஆயினும் புதிய தொடர் ஒன்றைக் கண்டால் அவர் வாய் மூடுவதில்லை. "உறவு என்ன?" என்று கேட்கிறார். சென்ற வாரம் அவ்வினாவை அத்தங்கை அவரிடமே திருப்பிக் கேட்க, விடை தெரியாது எம்மிடம் வந்தார். நாமும் சற்று யோசித்தே விடை கூற வேண்டியிருந்தது. கல்வி வளரும் வழி அதுவே என்று கருதுகின்றோம்.